பத்து ரூபாய் ஸ்டிக்கர்

வெள்ளிக்கிழமை தணிக்கை முடியவில்லை.
திங்கள் வரை சேலத்திலேயே இருங்கள் என்றது தலைமையகம்.
ஜெசிந்தா மேப்பைத் திறந்தாள்.
"ரெண்டு நாள். ஊரைத் தின்னுடலாம்,
குடிச்சும் பார்த்துடலாம்."

சனி காலை அம்மாப்பேட்டை.
எந்தச் சந்தில் திரும்பினாலும்
தறிச்சத்தம் எங்களுக்கு முன்பே திரும்பியிருந்தது.
சத்தமாக வழி கேட்டு
சத்தமாக நன்றி சொல்லிப் பழகிய நாக்கு
குகைக்கு வந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தது.

திருமணிமுத்தாற்றை ஆட்டோ தாண்டியபோது
"ஆறு எங்கே?" என்றாள்.
ஓட்டுநர் திரும்பாமல்
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விலை கேட்டோம்,
வாங்கவில்லை.
கொலுசுக்கு மணி வைத்துக்கொண்டிருந்த பையன்
நிமிராமலே எங்கள் கால்களைக் கணக்கெடுத்தான்.
நான்கிலும் ஒன்றுமில்லை.

மாலை, தட்டுவடை செட்.
ஒரு தட்டுவடை, அதன்மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி,
பீட்ரூட்டும் கேரட்டும் துருவியது, வெங்காயம்,
மூடிபோல இன்னொரு தட்டுவடை.
ஒரே வாயில் போட வேண்டும் என்றார் வண்டிக்காரர்.
பதவிசாகப் பாதி கடிக்கப்போன ஜெசிந்தாவின்
வெள்ளைக் குர்தாவில்
பீட்ரூட் முத்திரை குத்தியது,
எங்கள் ஆபீஸ் சீல் மாதிரியே
கொஞ்சம் சாய்வாக.

இரவு ஐந்து ரோடு. ஓட்டல் பார்.
கதவைத் திறந்தவர்
எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாருங்களா?"
"சார் இல்லைங்க."
மீன்தொட்டி மறைவில் ஒரு மேசை கிடைத்தது.

"உள்ளூர் பீர் என்ன இருக்கு?"
சடையப்பன் யோசித்தார்.
மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, கோட்டை மாரியம்மனுக்கு.
"எல்லாம் கவருமெண்டு ஊருதாங்க மேடம்.
கூலிங் மட்டும் நம்ம ஊரு."
கூலிங்கும் இல்லை.
லேபிளில் வேறு ஏதோ மாவட்டத்தின் பின்கோடு.
மதுரை லாட்ஜில் குடித்த அதே கசப்பு,
திருச்சியில் பாதியில் வைத்த அதே கசப்பு.

அப்போது கேட்காமலே ஒரு தட்டு வைத்தார்.
கீழே வண்டியில் நொறுக்கிய நொறுக்கல்,
மேட்டூர் அணை மீன் இரண்டு துண்டு,
எலுமிச்சை மூடி.
"ஆடி முடியிற வரைக்கும் நான் வாயில வைக்க முடியாதுங்க.
உப்பு சரியான்னு நீங்கதான் சொல்லணும்."

சரியாக இருந்தது.
அதற்கப்புறம் பீருக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.
வாங்க போங்க என்று
மரியாதையாகத் தொண்டையில் இறங்கியது.

ஞாயிறு ஏற்காடு.
கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டே வந்தவள்
பதினான்கில் நிறுத்தி
அவசரமாக ஜன்னலைத் திறந்தாள்.
அறைக்கு வெளியே மழை, உள்ளே மிளகாய் பஜ்ஜி,
இரண்டு கண்ணாடி டம்ளருக்கு ஒரே பாட்டில்.
அதன் கழுத்தில் ஒரு ஸ்டிக்கர்:
காலியாகத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய்.

லேடீஸ் சீட்டில் ஆண்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
நின்றபடி கீழே பார்த்தோம்.
மேகம் விலகிய இடைவெளியில்
சுண்ணாம்புக்கரடு வெள்ளையாக,
அதற்கப்பால் முழுச் சேலமும்
ஒரே வாயில் போடுகிற அளவுக்கு.
"தறி தெரியுதா?"
"கேக்கலை."
"ஆறு?"
ஜெசிந்தா மூக்கைத் தொட்டாள்.

திரும்புகிற வழியில் கடை ஜன்னல்.
காலி பாட்டிலோடு நான் வரிசையில் நின்றேன்.
முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள்,
மரியாதையா சங்கடமா தெரியவில்லை.
உள்ளிருந்த கை ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து,
பாட்டிலுக்குப் பின்னால் என்னையும் பார்த்து,
ஒரு நாணயத்தை நகர்த்தியது.

திங்கள் காலை வங்கியில்
மேனேஜரின் பெட்ரோல் பில்லைச் சிவப்பில் சுழித்துவிட்டு
என் பயணப்படி படிவத்தை எடுத்தேன்.
தங்கல், உணவு, ஆட்டோ.
வரவுப் பக்கத்தில் பத்து ரூபாய்.
"ரசீது?" என்றாள் ஜெசிந்தா,
சோப்பு போட்டும் போகாத குர்தாவை
துப்பட்டாவால் மறைத்தபடி.